முகமா, முகமூடியா?

ஒரு லிட்டர் நீருக்கு 0.42 கிராம் சோடியம் ஃபுளோரைடு. குழம்புக்கு இரு விரலால் எடுத்துப் போடும் ஒரு சிட்டிகை உப்பின் அளவுதான். அதைக் கண்ணாடிக் குவளையில் கரைக்கக் கூடாது. அமிலம் சேர்த்து பி.எச் அளவை நான்குக்குக் கீழே இறக்கியதும் கரைசல் கண்ணாடியை அரிக்கத் தொடங்கிவிடும்; பிளாஸ்டிக் குவளைதான் வேண்டும். அதில் வெள்ளை மாவுபோல இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடைக் கலந்து, கொஞ்சம் ஃபீனால் சேர்த்து, புற ஊதா விளக்கைப் போட்டால் ஃபீனால் அழியும் வேகம் ஏறுகிறது. ஃபுளோரைடு இல்லாத கலவையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு வரை. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் கிளாடியோ மினெரோவும் எசியோ பெலிசெட்டியும் சேர்ந்த குழு 2000-ல் இதை அளந்து வெளியிட்டது.

இந்தச் சோதனையை இன்று யார் செய்தாலும் வேகம் ஏறத்தான் செய்யும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்த விளைவுக்கு நாம் சூட்டிவிட்ட பெயரில் இருக்கிறது. 'ஃபுளோரின் ஏற்றினால் ஆக்சைடு வலுவான வினையூக்கியாகிறது' என்ற வாக்கியம் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளில் பாடநூல் உண்மையைப் போல வந்துபோகிறது. ஃபீனாலில் கண்ட ஒரு நடத்தை எல்லாச் சேர்மங்களுக்குமான குணமாக எப்படி உயர்ந்தது? அந்த உயர்வைச் சான்றுகள் தாங்குகின்றனவா? அலுமினா, குரோமியா, சிலிக்கா என்று ஃபுளோரின் ஏற்றப்படும் ஆக்சைடுகள் பல இருக்க, டைட்டானியாவை, அதாவது அந்த டைட்டானியம் டை ஆக்சைடை, முன்னால் வைத்து இதை நிறுத்துப் பார்க்கிறேன். இந்தக் குழப்பம் ஆழமாக வேர்விட்டிருப்பது அங்கேதான்.

1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டிய நாள் முதல் டைட்டானியாவின் கதை தெரிந்ததுதான். அனடேஸ் வகைப் படிகம் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை விழுங்குகிறது. ஓர் எலக்ட்ரான் மேலே தாவ, அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சுகிறது. எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்துகொண்டால் ஒளி வீணானது. சேராமல் புறப்பரப்புக்கு வந்து சேர்ந்தவை வேலை செய்கின்றன. எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது; துளை எதையாவது ஆக்சிஜனேற்றம் செய்கிறது. எதை என்பதைத் தீர்மானிப்பது புறப்பரப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே. நீரில் மூழ்கிய டைட்டானியாவின் மேல் ஹைட்ராக்சில் தொகுதிகள் அடர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. துளை முதலில் சிக்குவது அவற்றிடம்.

ஃபுளோரைடு செய்வது ஆள்மாற்றம். டைட்டானியத்தோடு பிணைந்த ஹைட்ராக்சில் வெளியேற, அதன் இடத்தில் ஃபுளோரின் உட்காருகிறது. இந்தப் பரிமாற்றத்தின் சமநிலை பி.எச் 6.2-ஐ ஒட்டித் திரும்புகிறது. அதற்கு மேலே போனால் ஹைட்ராக்சில் தன் இடத்தை மீட்டுக்கொள்ளும். மிகவும் கீழே இறங்கினால் ஃபுளோரைடே ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக மாறிவிடும், அதன் பி.கே.ஏ 3.2. ஆக, ஃபுளோரின் பரப்பை நன்றாக நிறைக்கும் இடம் பி.எச் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. இந்தச் சந்தின் அகலத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசித் தீர்ப்பில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உட்கார்ந்த ஃபுளோரின் துளையை ஏற்காது. ஃபுளோரைடை ஆக்சிஜனேற்றம் செய்ய 3.6 வோல்ட் வேண்டும். டைட்டானியாவின் துளையிடம் இருப்பது சுமார் 2.7 வோல்ட். எனவே துளை ஃபுளோரினைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் நீரைத் தொடுகிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு பரப்பில் ஒட்டாமல் கரைசலுக்குள் நழுவுகிறது. டூரின் குழுவின் விளக்கம் இதுதான். இதற்கு அவர்கள் தந்த ஆதாரம் அழகானது. ஹைட்ராக்சில் தனி உறுப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆல்கஹால்களைச் சேர்த்து, ஃபீனால் அழிவு எவ்வளவு மந்தமாகிறது என்று அளந்தார்கள். வெறும் டைட்டானியாவில் ஃபீனாலின் 90 சதவீதம் பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சில் வழியாகவும், மீதி 10 சதவீதம் துளையின் நேரடித் தாக்குதலாலும் அழிகிறது. ஃபுளோரைடு சரியான அளவில் இருக்கும்போது கிட்டத்தட்ட முழுவதும் கரைசலில் உலவும் ஹைட்ராக்சிலால் அழிகிறது. வேகம் ஏறியதோடு பாதையும் மாறியிருக்கிறது. இதை ஒரே கட்டுரைக்குள் எண்களால் காட்டியது பெரிய காரியம். 2005-ல் மிலானில் எலெனா செல்லியின் குழு, தனி உறுப்பைப் பொறி வைத்துப் பிடிக்கும் முறையில் ஃபுளோரின் ஏற்றிய டைட்டானியா அதிக ஹைட்ராக்சிலைத் தருவதைத் தனியாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டில் டூரின் குழு இன்னொன்றையும் கண்டது: ஃபுளோரைடு உள்ள கலவையில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து நிற்கிறது. வெறும் பரப்பில் பெராக்சைடு டைட்டானியத்தோடு ஒட்டி உடனே சிதைந்துவிடும். ஃபுளோரின் உட்கார்ந்த பரப்பில் ஒட்ட இடமில்லை.

இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. நீரைத் துளையே நேரடியாக உடைத்து ஹைட்ராக்சில் தருகிறது என்பதையே ஸ்பெயினின் பெட்ரோ சால்வடோர் மறுத்தார். துளை தங்குவது பரப்பின் பால ஆக்சிஜன் அணுக்களில் என்பது அவர் வாதம். ஃபுளோரைடின் விளைவையும் 2010-ல் மோண்டோயாவுடன் எழுதிய கட்டுரையில் அந்தச் சட்டகத்துக்குள் வைத்தே விளக்கினார். இந்த வழக்கில் நான் ஒரு பக்கம் சாயப்போவதில்லை. ஹைட்ராக்சில் எந்த வாசல் வழியாகப் பிறந்தது என்பது இன்னும் திறந்த கேள்வி. ஆனால் அது பரப்பைவிட்டு அதிகமாக வெளியேறுகிறது என்பதில் இரண்டு தரப்பின் அளவீடுகளும் முரண்படவில்லை. திறனாய்வுக்கு அது போதும்.

இனித்தான் எடை சரியத் தொடங்குகிறது. 2004-ல் தென்கொரியாவின் பொஹாங்கில் வோன்யோங் சோய் குழு ஃபீனாலோடு டைகுளோரோ அசிட்டேட்டையும் வைத்து அதே சோதனையைச் செய்தது. ஃபீனால் வேகமாக அழிந்தது. அசோ சாயமான ஆசிட் ஆரஞ்சு 7 வேகமாக அழிந்தது. டைகுளோரோ அசிட்டேட் மந்தமானது. காரணத்தை ஊகிக்கக் கஷ்டம் இல்லை. கார்பாக்சிலேட் சேர்மங்கள் தம் ஆக்சிஜனால் டைட்டானியத்தைப் பற்றிக்கொண்டு துளையிடம் நேரடியாக எலக்ட்ரானைக் கொடுப்பவை. பற்றிக்கொள்ளும் இடத்தை ஃபுளோரின் பிடித்துவிட்டால் அவை வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஃபீனால் அப்படிப் பற்றத் தேவையில்லாமல், நீரில் மிதந்துவரும் ஹைட்ராக்சிலிடம் சிக்கி அழிகிறது.

என் பார்வையில் இந்த ஓர் ஒப்பீட்டுக்கு, அதற்குப் பின் வந்த வேக ஏற்றக் கட்டுரைகள் பலவற்றைச் சேர்த்தாலும் ஈடாகாத எடை உண்டு. ஒரே தூள், ஒரே விளக்கு, ஒரே பி.எச்; ஒரு சேர்மத்துக்கு வேகம் ஏற, இன்னொன்றுக்கு இறங்குகிறது. அப்படியானால் ஃபுளோரின் வினையூக்கியை வலுவாக்கவில்லை, வினையூக்கியின் தேர்வை மாற்றியிருக்கிறது. வலிமை ஏறினால் எல்லாச் சேர்மத்துக்கும் ஏற வேண்டும், அல்லது ஏறாததற்குத் தனிக் காரணம் வேண்டும். தேர்வு மாறினால் சிலருக்கு வாசல் திறக்கும், சிலருக்கு அடைபடும். நாம் கண்டது இரண்டாவது.

ஃபீனாலைத் துண்டாடும் எந்த வினையும் பாதியிலேயே சிறிய கரிம அமிலங்களைத் தோற்றுவிக்கும். அவை கார்பாக்சிலிக் அமிலங்கள். ஃபுளோரின் உட்கார்ந்த பரப்பு வெளியே நிறுத்துகிறதே, அதே கூட்டம். ஆகவே ஃபீனால் மறைகிற வேகத்தை மட்டும் வரைந்து காட்டும் கட்டுரை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கரைசலில் மிஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பன் எப்படி இறங்குகிறது என்ற கோட்டை அதே படத்தில் பக்கத்தில் வரைய வேண்டும். அந்த இரண்டாவது கோடு இல்லாத கட்டுரையில் 'முழு அழிவு' என்ற சொல்லை நான் ஏற்பதில்லை.

சாயங்களை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். மெத்திலீன் நீலம் கலந்த கரைசலில் ஃபுளோரின் ஏற்றிய தூளைப் போட்டுக் கலக்கி, உடனே விளக்கைப் போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்த மாதிரியில் நீலம் பாதிக்கு மேல் போயிருந்தது. வெறும் டைட்டானியாவில் அந்த அளவு போகவில்லை. வரைபடம் போட்டாயிற்று, சரிவு கணக்கிட்டாயிற்று. சென்ட்ரிஃபியூஜிலிருந்து குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் படிந்திருந்த தூள் வானநீலமாக இருந்தது. சாயம் அழியவில்லை, தூளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அன்று பயன்படுத்திய பி.எச்-ல் வெறும் டைட்டானியாவின் பரப்பு நேர்மின் பக்கம் இருக்கும். ஃபுளோரின் உட்கார்ந்ததும் அந்த நேர்மின் குறைந்து எதிர்மின் பக்கம் சாய்கிறது. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். விளக்கே போடாமல் வைத்திருந்தாலும் அந்தக் கரைசல் வெளிறியிருக்கும். மறுநாள் அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டுத் தொடங்கினேன். முதல் நாள் கண்ட வித்தியாசத்தில் பெரும் பகுதி காணாமல் போயிற்று.

சாயம் தூளில் எப்படி உட்காருகிறது என்பதையே ஃபுளோரின் மாற்றிவிடுகிறது. 2008-ல் சீனாவின் ஜாவோ ஜின்சாயின் குழு ரோடமின் பி-யை வைத்து இதைக் காட்டியது. வெறும் டைட்டானியாவில் அந்தச் சாயம் தன் கார்பாக்சிலேட் முனையால் பற்றுகிறது. ஃபுளோரின் ஏற்றிய பரப்பில் தலைகீழாகத் திரும்பி, நேர்மின் தாங்கிய அமினோ முனையால் ஒட்டுகிறது. எந்த முனை பரப்பைத் தொடுகிறதோ அந்த முனைதான் முதலில் அடிபடும். எனவே சாயத்தின் நிறம் தரும் மையம் உடைவதற்கு முன்பே எத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. கூடவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சாயமே விழுங்கி எலக்ட்ரானைத் தூளுக்குக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. இத்தனை சிக்கல்களும் ஒரே நிறமாற்றத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சாயம் வெளுத்ததை வைத்து வினையூக்கியின் தரத்தைச் சொல்வது, நோயாளியின் முகம் வெளிறியதை வைத்து நோயின் பெயரைச் சொல்வதுபோல.

இவையெல்லாம் ஃபுளோரைடை வெளியிலிருந்து சேர்த்த சோதனைகள். இந்தத் துறையின் மிகப் பெரிய கதை ஃபுளோரைடைப் படிகம் வளரும்போதே கலந்தவர்களுடையது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹுவா குவி யாங், காவோ சிங் லூ உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அனடேஸ் படிகத்தை இயற்கை வளர்த்தால் அதன் மேற்பரப்பில் 94 சதவீதத்துக்கு மேல் 101 என்ற முகம்தான் இருக்கும். காரணம் ஆற்றல் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு 101 முகத்தின் பரப்பாற்றல் 0.44 ஜூல், 001 முகத்தினுடையது 0.90. ஆற்றல் கூடிய முகம் வளரும்போதே தேய்ந்து மறைந்துவிடும். யாங் குழு பன்னிரண்டு அலோக அணுக்களைக் கணினியில் ஒவ்வொன்றாக 001 முகத்தில் உட்காரவைத்துப் பார்த்தது. ஃபுளோரின் உட்கார்ந்தபோது கணக்கு தலைகீழானது. 001 முகமே நிலையான முகமாயிற்று. பிறகு டைட்டானியம் டெட்ரா ஃபுளோரைடையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையும் வைத்து, மேற்பரப்பில் 47 சதவீதம் 001 முகம் கொண்ட படிகங்களை வளர்த்தே காட்டினார்கள். கணிப்பும் படிகமும் இவ்வளவு நேராகப் பொருந்துவது அபூர்வம். படிக வளர்ப்புக் கலை என்ற அளவில் அந்தக் கட்டுரையை நான் இன்றும் மரியாதையோடுதான் திருப்பிப் பார்க்கிறேன்.

ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே 001 முகத்துக்கு 'வினைத்திறன் மிக்க முகம்' என்ற பட்டம் கொடுக்கப்பட்டிருந்தது. பட்டத்துக்குப் பின்னால் நியாயமான ஊகம் இருந்தது. 1998-ல் விட்டாதினி, செல்லோனி முதலானோர் செய்த கணக்கில், நீர் மூலக்கூறு 001 முகத்தில் உடைந்து ஒட்டுகிறது, 101 முகத்தில் உடையாமல் ஒட்டுகிறது என்று வந்திருந்தது. 001 முகத்தில் எல்லா டைட்டானியம் அணுக்களும் ஐந்து பிணைப்போடு ஒரு கை காலியாக நிற்கின்றன; 101 முகத்தில் பாதிதான் அப்படி. ஆற்றல் கூடியது, காலிக் கைகள் கூடியது, ஆகவே வினையும் கூடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் 001 முகத்தின் பங்கை உயர்த்தும் போட்டி வந்தது. 2009-ல் 64 சதவீதம், அதே ஆண்டில் சீனாவின் ஷியாமென் குழுவிடமிருந்து 89 சதவீதம். சாயம் வேகமாக வெளுத்ததைக் காட்டிப் புகழை 001 முகத்துக்கு எழுதினார்கள்.

இங்கேதான் என் தலைப்பின் கேள்வி வருகிறது. அந்தப் படிகங்கள் பலவற்றின் மேல் வளர்ப்பின்போது உட்கார்ந்த ஃபுளோரின் அப்படியே இருந்தது. வேகத்தைக் கொடுத்தது முகமா, முகத்தின் மேல் போட்டிருந்த முகமூடியா? இரண்டையும் பிரிக்காமல் செய்த சோதனையில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வாய்ப்பே இல்லை.

பதிலுக்கான முதல் கனமான முயற்சி முதல் கட்டுரையை எழுதியவர்களிடமிருந்தே வந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2011-ல் 'ஆங்கவாண்ட்டே' இதழில் ஜியான் பான், காங் லியு, காவோ சிங் லூ, ஹுய்-மிங் செங் நால்வரும் அனடேஸின் 001, 010, 101 முகங்களின் 'உண்மையான' வினைத்திறன் வரிசை எது என்று எழுதினார்கள். இவர்களில் மூவர் 2008 கட்டுரையிலும் இருந்தவர்கள். ஃபுளோரினை நீக்கிவிட்டு ஹைட்ராக்சில் உற்பத்தியையும் ஹைட்ரஜன் வெளியீட்டையும் அளந்தபோது 001 முகம் கடைசியில் வந்தது. அதற்கு மேல் 101, எல்லாவற்றுக்கும் மேல் 010. 010 முகத்திலும் எல்லா டைட்டானியமும் காலிக் கையோடுதான் நிற்கிறது, 001-ஐப் போலவே. ஆக, காலிக் கைகளை எண்ணிப் போட்ட கணக்கு தனியாக நிற்கவில்லை. எலக்ட்ரான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அதாவது கடத்தும் பட்டையின் நிலை என்ன என்பதும் சேர்ந்துதான் வினையைத் தீர்மானிக்கிறது என்று விளக்கினார்கள். தாம் சூட்டிய பட்டத்தைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வது அறிவியலில் அரிது. அந்த நேர்மைக்கு உரிய கவனத்தை மேற்கோள் காட்டும் பழக்கம் கொடுக்கவில்லை. முன்னுரைகளில் 2008 கட்டுரை வருகிறது, 2011 கட்டுரை பல இடங்களில் வருவதில்லை.

அதற்காக 2011 வரிசையைக் கடைசி வார்த்தை என்றும் நான் சொல்ல மாட்டேன். முகமூடியைக் கழற்றுவதே ஒரு வினை. வழக்கமாக இரண்டு வழிகள். ஒன்று 600 டிகிரி செல்சியஸில் சுமார் ஒன்றரை மணி நேரம் சூடாக்குவது. மற்றது சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவுவது. சூடாக்கினால் ஃபுளோரின் போகும். பரப்பின் அணுக்களும் இடம் மாறும். மீவெற்றிடத்தில் வெறுமையாக்கிய 001 முகம் நான்கு அலகுக்கு ஒரு முறை மேடு கட்டித் தன்னை அடுக்கிக்கொள்ளும் என்பது 2000 முதலே தெரியும். காரத்தில் கழுவினால் அணுக்கள் அசையாமல் இருக்கலாம், ஆனால் சோடியம் ஒட்டிக்கொள்ளும். 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்மன் சாங் குழு, டிரைமெத்தில் ஃபாஸ்ஃபீனைப் பரப்பில் ஒட்டவைத்து அதன் பாஸ்பரஸின் காந்த ஒத்ததிர்வை அளந்தது. பரப்பில் ஃபுளோரின் உண்டா, ஹைட்ராக்சில் உண்டா, சல்ஃபேட் உண்டா என்பதைப் பொறுத்துக் காலிக் கை டைட்டானியத்தின் அமிலத்தன்மை மாறுவதை அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. கழற்றிய பிறகு மிஞ்சுவது நாம் படத்தில் வரையும் வெற்று முகம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எக்ஸ் கதிரால் பரப்பின் அணுக்களை அடையாளம் காணும் எக்ஸ்.பி.எஸ்-ல் ஃபுளோரின் உச்சி தெரியவில்லை என்பதும் முழு விடை ஆகாது; அந்தக் கருவியின் கண் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழம் வரை சராசரி எடுக்கும், ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நம்பகமாகப் பார்க்காது.

அதே எக்ஸ்.பி.எஸ்-ல் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 684 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும் உச்சி, டைட்டானியத்தின் மேல் உட்கார்ந்த ஃபுளோரின். 688-ஐ ஒட்டி வருவதைப் படிகத்துக்குள் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்த ஃபுளோரின் என்று பலர் எழுதுகிறார்கள். கார்பனோடு பிணைந்த ஃபுளோரினும் அந்த இடத்தில்தான் வரும். டெஃப்லான் பூசிய ஆட்டோகிளேவில் தயாரான தூளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. உள்ளே புகுந்த ஃபுளோரின் டைட்டானியாவைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யவைக்கிறது என்ற கூற்றுக்கும் இதே கதிதான். 2008-ல் ஜியாமெல்லோ, பக்கியோனி குழு மிகக் கவனமாகத் தயாரித்த மாதிரிகளில் ஃபுளோரின் புகுந்ததால் மூன்று நேர்மின் டைட்டானியம் தோன்றியது. ஒளியை விழுங்கும் எல்லையில் மாற்றம் வரவில்லை.

இனி இந்தச் சரக்கு எங்கே பயன்படும் என்ற கேள்வி. கட்டுரைகளின் முதல் வரியில் அடிக்கடி வரும் சொல் 'நீர்ச் சுத்திகரிப்பு'. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிட்டிகை உப்பு ஒரு லிட்டரில் 190 மில்லிகிராம் ஃபுளோரைடைத் தருகிறது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை 1.5 மில்லிகிராம். நூற்றிருபது மடங்குக்கும் மேல். சுண்ணாம்பு போட்டுக் கால்சியம் ஃபுளோரைடாக வீழ்த்தினாலும், அந்த உப்பின் கரைதிறனே லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃபுளோரைடை நீரில் விட்டுவைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை படிந்த, எலும்பு வளைந்த தலைமுறைகளைப் பார்த்தவர்களிடம் போய் ஃபீனாலை நீக்க ஃபுளோரைடு சேர்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கத்திலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு எழுதப்பட்டிருக்கிறது.

வேதியியல் ரீதியாகவும் அந்த ஊர்களிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. ஃபுளோரைடு நீக்கும் வடிகட்டிகளில் போடும் கிளர்வூட்டிய அலுமினாக் குருணையில் நடப்பது, ஆய்வகத்தில் டைட்டானியாவின் மேல் நடக்கும் அதே ஆள்மாற்றம்தான். ஹைட்ராக்சில் போகிறது, ஃபுளோரைடு உட்காருகிறது. லேசான அமிலத்தில் நன்றாக நடக்கிறது. குருணை நிறைந்ததும் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினால் ஃபுளோரைடு கழன்று வந்துவிடும், குருணை மறுபடி தயார். வடிகட்டி பிழைப்பதே இந்தக் கழலலால்தான். ஒளிவினையூக்கி சாவதும் அதனால்தான். சாதாரணக் கிணற்று நீரின் பி.எச் ஏழைத் தாண்டியே இருக்கும். 6.2-ஐத் தாண்டிய நீரில் ஃபுளோரின் ஏற்றிய டைட்டானியா மெல்ல மெல்ல வெறும் டைட்டானியாவாகிறது, கழன்ற ஃபுளோரைடு குடிக்கும் நீருக்குள் போகிறது.

ஃபுளோரின் ஏற்றிய ஆக்சைடு எங்குமே நிலைக்காது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குளிர்சாதனங்களில் சி.எஃப்.சி-க்கு மாற்றாக வந்த 134ஏ வாயுவைத் தயாரிக்கும் குரோமியா வினையூக்கி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஓட்டத்தில் தானே ஃபுளோரினை ஏற்றிக்கொண்டு அதற்குப் பிறகுதான் முழு வேகத்துக்கு வருகிறது. சலவைத்தூளுக்கு வேண்டிய ஆல்கைல் பென்சீனை முன்பு திரவ ஹைட்ரஜன் ஃபுளோரைடில் செய்தார்கள். 1990-களின் நடுவில் அந்த இடத்துக்கு ஃபுளோரின் ஏற்றிய சிலிக்கா-அலுமினா வந்தது. கசிந்தால் உயிர் வாங்கும் திரவத்தைத் தொட்டியிலிருந்து வெளியேற்றி, ஃபுளோரினைத் திடப் படுகைக்குள் கட்டிப்போட்டது அந்த மாற்றம். இங்கெல்லாம் ஃபுளோரினிடம் கேட்ட வேலை தெளிவானது: பக்கத்து உலோக அணுவிடமிருந்து எலக்ட்ரானை இழுத்து அமிலத்தன்மையைக் கூட்டு. அமிலம் கூடியதா என்பதை அளக்கத் தனி முறைகள் உண்டு. ஈரமில்லாத சூடான படுகையில் ஹைட்ராக்சில் திரும்பி வந்து இடம் பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஃபுளோரினின் குணம் எங்கும் ஒன்றே. அதற்குக் கொடுத்த வேலையும் அதைச் சுற்றியிருக்கும் நீரும்தான் வேறு.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டூரின் கண்டது நிற்கிறது: அமில நீரில், பரப்பைப் பற்றத் தேவையில்லாத சேர்மங்களுக்கு ஃபுளோரைடு வேகம் கூட்டுகிறது, ஹைட்ராக்சிலைப் பரப்பிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. அதிலிருந்து 'மேலான வினையூக்கி' என்ற பொதுக் கூற்றுக்குத் தாவியதை டைகுளோரோ அசிட்டேட் ஒன்றே மறுத்துவிட்டது. 001 முகத்தின் புகழில் பெரும் பங்கை முகமூடியின் கணக்கில் எழுத வேண்டும். முகத்துக்கு மிஞ்சும் பங்கு எவ்வளவு என்பதை, கழற்றிய பின் பரப்பில் உள்ளதைத் தனியாக அளந்து காட்டாத எந்தக் கட்டுரையும் சொல்ல முடியாது. குடிநீருக்கு இந்த வழி ஆகாது.

நம்பிக்கை வைக்க எனக்கு ஓர் இடம் மிஞ்சுகிறது, அது காற்று. சோய் குழு 2004-லேயே இன்னொரு சோதனை செய்தது. ஃபுளோரின் ஏற்றிய டைட்டானியாப் படலத்தை ஒரு பலகையில் பூசி, எதிரே ஸ்டியரிக் அமிலம் தடவிய பலகையைத் தொடாமல் சிறு இடைவெளியில் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். எதிர்ப்பலகையின் கொழுப்பு அழிந்தது, வெறும் டைட்டானியா அழித்ததைவிட வேகமாக. பரப்பைவிட்டு அவிழ்ந்த தனி உறுப்பு காற்றைக் கடந்து போயிருக்கிறது. ஃபுளோரினிடம் இயல்பாக இருக்கும் ஒரே திறமை இங்கே முழுதாகப் பயன்படுகிறது. கரைசல் இல்லை, குடிப்பவர் இல்லை. மழைநீர் மாசில்லாமலே பி.எச் 5.6-ஐ ஒட்டி இருக்கும், அந்த 6.2-க்குக் கொஞ்சம் கீழே. அப்படி ஒரு பலகையை ஒரு முழு ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடத்தி, கடைசியில் எடுத்துவந்து பரப்பில் ஃபுளோரின் எவ்வளவு மிச்சம், கொழுப்பை அழிக்கும் வேகம் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வரும் கட்டுரைக்காகக் காத்திருக்கிறேன்.